ஞாயிறும் நாளும்: ஒரே கான்ஜிக்கு ஏன் இத்தனை உச்சரிப்பு?

கயல்_கோவை

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பரில் ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் தேர்வில் தொடக்கநிலையான என்5 எழுதப் போகிறேன். ஒலியெழுத்துகளான ஹிரகானா, கதகானா இரண்டும் தடங்கல் இல்லாமல் வருகின்றன. சீனத்திலிருந்து வந்த எழுத்துகளான கான்ஜிக்குள் நுழைந்ததும் 日 என்ற ஓர் எழுத்து வழி மறித்துக்கொண்டு நிற்கிறது. நிமிர்ந்து நிற்கும் நீள்சதுரப் பெட்டி, நடுவில் குறுக்கே ஒரு கோடு. பொருள்: சூரியன், நாள்.

எழுதுவது எளிது, படிப்பதுதான் சிக்கல். புத்தகத்தில் நிச்சி, ஜிட்சு, ஹி, க என்று நான்கு உச்சரிப்பு போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு 'நிச்சியோபி'. மூன்று எழுத்துள்ள அந்தச் சொல்லின் முதலும் கடைசியும் இதே எழுத்துதான். முதலில் 'நிச்சி', கடைசியில் 'பி' (தம்பியில் வருகிற பி). 'இன்று' என்பதற்கு 'க்யோ'. அதில் இந்த எழுத்து எந்த இடத்தில் ஒலிக்கிறது என்றே தெரியவில்லை.

எல்லா உச்சரிப்பையும் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்வதுதான் வழியா? இல்லை, எங்கே எது வரும் என்று சொல்ல ஏதாவது ஒழுங்கு உண்டா?

செந்தில்_நகோயா

கயல், ஒழுங்கு உண்டு. அது தமிழ் படித்தவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும் என்றே நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எழுத்து தனியாக நின்றால் 'ஹி'. 'அமே நோ ஹி' என்றால் மழை நாள். மண்ணின் சொல்லோடு, அதாவது சீனத்திலிருந்து வராத சொல்லோடு சேர்ந்தாலும் ஹிதான். வெயிலில் தோல் கருப்பது ஹியாகே, வெயில்படாத நிழல் ஹிகாகே, காலையில் போய் அன்றே திரும்பும் பயணம் ஹிகாயேரி, தேதி ஹிஸுகே.

சீன வழியில் வந்த கூட்டுச்சொல்லின் தலையில் நின்றால் அநேகமாக 'நிச்சி'. அன்றாட வாழ்க்கை நிச்சிஜோ, ஞாயிறு நிச்சியோ.

வாலில் வரும்போதுதான் ஜிட்சுவா பியா என்ற குழப்பம். இதற்குப் பெரும்பாலும் உதவுகிற ஒரு வழி சொல்கிறேன். முன்னால் ஒரே ஒரு கான்ஜி இருந்து, அதோடு ஒட்டிக்கொண்டால் ஜிட்சு: க்யூஜிட்சு (விடுமுறை நாள்), ஷுகுஜிட்சு (அரசு விடுமுறை), ஹேய்ஜிட்சு (வேலை நாள்), சென்ஜிட்சு (சில நாள் முன்பு). ஏற்கெனவே முழுதாக நிற்கும் ஒரு சொல்லின் பின்னால் 'நாள்' என்று சேர்த்தால் பி: தஞ்ஜோபி (பிறந்தநாள்), கினென்பி (நினைவு நாள்), தேய்க்யூபி (கடைக்கு வாராந்திர விடுமுறை), க்யூர்யோபி (சம்பள நாள்). 'தினமும்' என்னும் மய்நிச்சியும் கிழமைகளில் வரும் 'யோபி'யும் இந்த வழிக்கு அடங்காதவை. இரண்டும் நாள்தோறும் காதில் விழும் சொற்கள் என்பதால் தொல்லை தராது.

இந்தப் பி வேறு எதுவும் இல்லை, ஹிதான். சொல்லின் நடுவில் போய் உட்கார்ந்ததும் ஒலி கனத்துவிடுகிறது. 'ரெந்தாகு' என்பார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். நிச்சிக்குப் பின்னால் வல்லொலி வந்தால் 'ச்சி' விழுந்துவிடும், அடுத்த மெய் இரட்டிக்கும். 'கி' வந்தால் நிக்கி (நாட்குறிப்பு). 'சூ' வந்தால் நிஸ்ஸூ (எத்தனை நாள் என்ற கணக்கு). 'தேய்' வந்தால் நித்தேய் (எந்த நாளில் என்ன வேலை என்ற அட்டவணை). 'ஹோன்' வந்தால் நிப்போன். ஹ அங்கே ப ஆகிவிடும். வரிசையைப் பாருங்கள்: க, ச, த, ப. பள்ளியில் வல்லினம் மிகும் இடம் என்று படித்தபோது எந்த நான்கு எழுத்தைச் சொன்னார்களோ அதே நான்கு. மெல்லொலியோ இடையினமோ உயிரோ வந்தால் ஒன்றும் நடக்காது. ஜப்பான்-அமெரிக்கா நிச்சிபேய் (தம்பியில் வருகிற ப), ஜப்பான் மத்திய வங்கி நிச்சிகின் (தங்கம் என்பதில் வரும் க), பகலும் இரவும் நிச்சியா.

இதற்குமேல் பட்டியல் எதற்கு? பத்துப் பன்னிரண்டு சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கே முடிவெடுக்கும்.

ராம்_ஓரகடம்

செந்தில் அண்ணா சொன்ன இரட்டிப்பை நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் நாள்தோறும் கேட்கிறேன். ஷிஃப்ட் முடிந்ததும் எழுதிக் கொடுக்கிற தினசரி அறிக்கைக்கு 'நிப்போ' என்று பெயர். ஜப்பானிய அதிகாரிகள் வருவதற்கு முன்னால் வரும் அட்டவணை 'நித்தேய்'. ஜப்பானியமே படிக்காத ஆபரேட்டர்கள்கூட இந்த இரண்டையும் தமிழ்ச் சொல் மாதிரி புழங்குகிறார்கள்.

எங்கள் பக்கம் தினமும் கண்ணில் படும் பெயர்களிலும் இதே எழுத்து இருக்கிறது. நிசான் என்பது 'நிஹோன் சங்க்யோ' என்ற பழைய நிறுவனப் பெயரின் சுருக்கம். சங்க்யோ என்றால் தொழில். நிச்சியும் சன்னும் சேர்ந்து நிஸ்ஸன் ஆனது அப்படியே அண்ணா சொன்ன விதி. ஹிட்டாச்சி, இபராகி மாகாணத்தில் உள்ள ஊரின் பெயர். அங்கே இதே பெட்டி 'ஹி' என்று ஒலிக்கிறது. ஒரே எழுத்து, இரண்டு பெயர்ப் பலகையிலும் இரண்டு ஒலி.

இன்னொன்றும் கவனியுங்கள் கயல். 'நிக்கேய்' என்று காதில் விழுவது இரண்டு சொல். ஜப்பானியத் தொடர்புள்ள நிறுவனம் என்பதற்கு ஒரு நிக்கேய். பங்குச்சந்தைச் செய்தியில் வருவது 'நிஹோன் கேய்ஸய்' நாளிதழின் சுருக்கமான நிக்கேய். இரண்டாவது கான்ஜி வேறு வேறு.

அப்புறம், இந்த எழுத்து 'ஜப்பான்' என்ற பொருளில் நின்றால் வாலில் வந்தாலும் நிச்சிதான். ஜப்பானுக்கு வருவது ரய்நிச்சி. அந்த இடத்தில் ஜிட்சு என்றோ பி என்றோ யோசிக்கவே வேண்டாம்.

கயல்_கோவை

செந்தில் அண்ணா, ராம், இரண்டு பேருக்கும் நன்றி. க-ச-த-ப விஷயத்தைப் படித்ததும் எழுந்து போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்! அப்படியானால் 'க்யோ', 'அஷிதா' (நாளை), 'கினோ' (நேற்று) எல்லாம் எந்த விதியில் சேரும்?

ஜெயா_டீச்சர்_வேலூர்

கயல், அவை எந்த விதியிலும் சேராது. சேர்க்கப் பார்க்கவும் கூடாது. இன்று, நாளை, நேற்று என்பதற்கு ஜப்பானியர்கள் வாயில் முன்பே சொற்கள் இருந்தன. பிறகு சீன எழுத்து வந்தபோது, 'இப்போது + நாள்' என்று பொருளைப் பார்த்து இரண்டு கான்ஜியை அந்தச் சொல்லின் மேல் வைத்துவிட்டார்கள். ஒலியைத் துண்டு போட முடியாது. மொத்தச் சொல்லுக்கும் மொத்த உச்சரிப்பு. இதற்கு 'ஜுகுஜிகுன்' என்று பெயர். அதனால் க்யோவில் இந்த எழுத்து எங்கே ஒலிக்கிறது என்று தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள் அம்மா.

அதே இரண்டு எழுத்தைக் 'கொன்னிச்சி' என்றும் படிக்கலாம். நாம் முதல் நாள் கற்கும் 'கொன்னிச்சிவா' அங்கிருந்து வந்ததுதான். 'இந்த நாள்...' என்று தொடங்கும் வாக்கியத்தின் முதல் துண்டு அது.

செந்தில் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் என்5 மாணவிக்கு வாலில் ஜிட்சுவா பியா என்ற ஆராய்ச்சியை விட முதலில் தேவை மாதத்தின் தேதிகள். கேள்வித்தாளில் வருவதும் அதுதான், அங்கே போய் இறங்கினால் முதல் வாரமே தேவைப்படுவதும் அதுதான். ஒன்றாம் தேதி ட்சுயிதாச்சி. இரண்டு முதல் பத்து வரை: ஃபுட்சுகா, மிக்கா, யொக்கா, இட்சுகா, முய்கா, நனோகா, யோக்கா, கொகொனோகா, தோகா. பதினொன்றிலிருந்து எண்ணோடு நிச்சி. இருபது மட்டும் ஹட்சுகா.

இங்கே தமிழ் மாணவர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. நான்காம் தேதி யொக்கா, எட்டாம் தேதி யோக்கா. நான்கில் ஒகரம் குறில், ககரம் இரட்டிக்கிறது. எட்டில் ஓகாரம் நெடில், ககரம் ஒற்றை. குறில் நெடில் வேறுபாடு நம் காதில் பிறவியிலேயே ஊறியது, அதனால் கேட்டுப் பிரிப்பது நமக்கு எளிது. எழுதி வைப்பதில்தான் ஆபத்து. எட்டை ஒற்றைக் ககரம் போட்டு எழுதினால் உடற்பயிற்சி யோகா ஆகிவிடுகிறது. இரட்டித்து எழுதினால் ஜப்பானியத்தில் இல்லாத அழுத்தம் வந்துவிடுகிறது. 'நிச்சி'க்கும் இதே கதி. அங்கே ச ஒற்றைதான். ஆனால் நிசி என்று எழுதினால் ஸகரமாகப் படிப்போம். ஆகவே இந்த இழையில் படித்ததை நோட்டில் ஏற்றும்போது ஹிரகானாவிலேயே ஏற்றுங்கள். தமிழ் எழுத்தில் குறித்துப் படித்த பிள்ளைகளுக்கு உச்சரிப்பைத் திருத்துவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

எழுத்தாணி

ஜெயா டீச்சர் அனுமதித்தால் வரலாற்றுப் பக்கம் கொஞ்சம் போகிறேன். நிச்சி, ஜிட்சு என்று ஒரே எழுத்துக்கு இரண்டு சீன ஒலி ஏன் என்பது தெரிந்தால், இன்னும் பல கான்ஜிகள் சேர்ந்தே அவிழும்.

சீன எழுத்து ஜப்பானுக்கு ஒரே தடவையில் வந்து சேரவில்லை. முதல் அலை, தென்சீன உச்சரிப்போடு கொரியத் தீபகற்பத்தின் பேக்ஜே அரசு வழியாக வந்தது. அதை 'கோ-ஒன்' என்பார்கள். பிறகு 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரை சீனத்தின் தாங் அரசவைக்குப் போன தூதர்களும் மாணவர்களும் தலைநகர் சாங்கான் உச்சரிப்பைக் கொண்டுவந்தார்கள். அது 'கன்-ஒன்'. இடைப்பட்ட காலத்தில் வடசீனத்தில் சொல்லின் முதலில் வரும் நகரம் மூக்கொலியை இழந்துகொண்டிருந்தது. அதனால் பழைய அலையில் நிச்சி, புதிய அலையில் ஜிட்சு.

இதே ஜோடியை 'மனிதன்' எழுத்தில் பாருங்கள். மூன்று பேர் 'சன்னின்', ஜப்பானியர் 'நிஹோன்ஜின்'. நின், ஜின். 'இளமை' எழுத்தில் ந்யகு, ஜகு. ந-வும் ஜ-வும் ஜோடியாக வரும் இடமெல்லாம் இந்தக் கதைதான்.

செந்தில் சொன்ன இரட்டிப்புக்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. பழைய சீனத்தில் இந்தச் சொல் தகர மெய்யில் முடிந்தது. ஜப்பானிய வாய்க்கு மெய்யில் நிறுத்துவது வராது, அதனால் பின்னால் உயிர் சேர்த்து 'ச்சி', 'ட்சு' ஆக்கிக்கொண்டார்கள். அடுத்து வல்லொலி வரும் இடத்தில் மட்டும் பழைய மெய் அதனோடு கரைந்து இரட்டித்துவிட்டது. ஒன்று என்ற எண்ணும் இப்படித்தான்: தனியாக இச்சி, 'கய்' சேர்ந்தால் இக்கய். எட்டு ஹச்சி, 'சய்' சேர்ந்தால் ஹஸ்ஸய்.

அப்புறம் கிழமைகள். இதைச் சொல்லாமல் போனால் மனம் ஆறாது. ஜப்பானியக் கிழமைகளுக்கு எழுத்து: ஞாயிறு, திங்கள், நெருப்பு, நீர், மரம், பொன், மண். செவ்வாய்க் கோள் ஜப்பானியத்தில் 'நெருப்பு நட்சத்திரம்', புதன் 'நீர் நட்சத்திரம்', வியாழன் 'மர நட்சத்திரம்', வெள்ளி 'பொன் நட்சத்திரம்', சனி 'மண் நட்சத்திரம்'. கோளின் பெயர் தெரிந்தால் கிழமை தெரியும். அதாவது நம் வரிசையேதான். இது தற்செயல் இல்லை. 8ஆம் நூற்றாண்டில் அமோகவஜ்ரர் என்ற பௌத்தத் துறவி, இருபத்தேழு நட்சத்திரங்களையும் ஏழு கிழமைக் கோள்களையும் பற்றிய சோதிட நூலைச் சீன மொழியில் ஆக்கினார். இலங்கைக்குக் கடல்வழி போய் பௌத்த நூல்களைத் திரட்டி வந்தவர் அவர். அந்தச் சோதிட நூலை ஜப்பானியத் துறவி கூகாய் 806இல் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். நெடுங்காலம் சோதிடத்தோடு நின்றிருந்த கிழமை, மெய்ஜி பேரரசர் காலத்தில் அன்றாட வாழ்க்கைக்குள் வந்தது. 1873இல் கிரெகோரியன் நாட்காட்டி, 1876இல் அரசு அலுவலகங்களுக்கு ஞாயிறு விடுமுறை.

நாமும் ஞாயிறு என்று சூரியனையும் சொல்கிறோம், கிழமையையும் சொல்கிறோம். திங்கள் என்றால் நிலவு, மாதம், கிழமை மூன்றும். அந்தப் பெட்டி எழுத்துக்கு ஏன் சூரியன், நாள் என்று இரண்டு பொருள் என ஒரு தமிழருக்கு விளக்கவே வேண்டியதில்லை.

ஜெயா_டீச்சர்_வேலூர்

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் ஐயா. கிழமைப் பகுதியை என் வகுப்பில் நிச்சயம் சொல்வேன். ஆனால் கோ-ஒன், கன்-ஒன் பெயர்களைத் தொடக்கநிலையில் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கயல் ஒரு புதுச் சொல்லைப் பார்க்கும்போது அது எந்த நூற்றாண்டில் வந்தது என்று எப்படித் தெரியும்? க்யூஜிட்சு என்ற சொல் தெரிந்த பிறகு அதை விளக்க உதவுமே தவிர, தெரியாத சொல்லைப் படிக்க உதவாது. சொல்லைக் கற்க வேண்டும், அப்புறம் காரணம்.

எழுத்தாணி

புதுச் சொல்லை முழுதாக ஊகிக்க முடியாது என்பது சரிதான் டீச்சர். ஆனால் காரணம் தெரிந்தவருக்கு நின்-ஜின், நிச்சி-ஜிட்சு எல்லாம் தனித்தனிச் சுமையாக இல்லாமல் ஒரே முடிச்சாகிவிடும். நினைவில் நிற்பதற்கு அதுவும் வேண்டும். என்5க்கு அவசரம் இல்லை, இன்னும் மேல்நிலையான என்3 போகும்போது இந்த இழையைத் திரும்பிப் பார்க்கட்டும்.

செந்தில்_நகோயா

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் பங்குக்கு, இங்கே நடைமுறையில் இந்த எழுத்து எங்கெல்லாம் எதிர்ப்படும் என்று சொல்கிறேன். கயலுக்கு அதுதான் இன்னும் நன்றாக நிற்கும்.

ரயில் நிலையத்தில் கால அட்டவணை இரண்டு பத்தியாக இருக்கும். ஹேய்ஜிட்சு ஒரு பக்கம், சனி-ஞாயிறு-விடுமுறை இன்னொரு பக்கம். பத்தி மாற்றிப் பார்த்தால் வராத ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மருத்துவமனைக் கதவில் 'க்யூஷின்பி' என்றால் அன்று நோயாளிகளைப் பார்க்க மாட்டார்கள். மாத்திரை உறையில் 'இச்சிநிச்சி சங்கய்', ஒரு நாளைக்கு மூன்று வேளை. பக்கத்தில் 'மிக்காபுன்' என்றால் மூன்று நாளுக்கான மருந்து.

இதில் ஒரு கேள்வி வரும். 'ஒன்று' எழுத்தும் இந்தப் பெட்டியும் சேர்ந்தால் இச்சிநிச்சியா, ட்சுயிதாச்சியா? எழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முன்னால் மாதம் இருந்தால் ட்சுயிதாச்சி, கால அளவு என்றால் இச்சிநிச்சி. ட்சுயிதாச்சி என்பதே 'ட்சுகி தாச்சி', புது நிலவு எழுதல், என்பதிலிருந்து வந்தது. இரண்டிலிருந்து பத்து வரை இந்த வசதி இல்லை. மிக்கா என்றால் மூன்றாம் தேதியும்தான், மூன்று நாளும்தான். அளவைத் தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் பின்னால் 'கன்' சேர்த்து மிக்காகன் என்பார்கள்.

ஊர்ப் பெயர்கள் தனி உலகம். தோக்கியோவில் நிஹோன்பாஷி, ஒசாகாவில் நிப்போன்பாஷி, எழுத்து ஒன்றே. நாட்டின் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டதற்கு 2009இல் அமைச்சரவையே 'இரண்டும் பரவலாக வழக்கில் இருக்கின்றன, ஒன்றாக்கத் தேவையில்லை' என்று பதில் தந்துவிட்டது. நாராவில் இருக்கும் கசுகா கோயிலின் பெயரிலும் இந்த எழுத்து உண்டு. அங்கே நாம் பேசிய எந்த உச்சரிப்பும் பொருந்தாது. ஊர்ப் பெயரை உள்ளூர்க்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராம்_ஓரகடம்

எழுதும் வரிசையை யாரும் சொல்லவில்லையே. இடது செங்குத்துக் கோடு முதலில். அடுத்து மேல்கோடும் வலது கோடும் கை எடுக்காமல் ஒரே வளைவாக. மூன்றாவது நடுக்கோடு. அடிக்கோடு கடைசியில், பெட்டியை மூடுகிற மாதிரி. ஜேஎல்பிடியில் கையால் எழுதும் பகுதி கிடையாதுதான், இருந்தாலும் எழுதிப் பழகுங்கள் கயல். உள்ளே இரண்டு கோடு வந்தால் அது 'கண்'. தலையில் ஒரு சிறு கீற்று வந்தால் 'வெள்ளை'. குறுக்கும் நெடுக்கும் கோடு வந்தால் 'வயல்'. கையால் எழுதியவர்களுக்கு இவை குழம்புவதில்லை.

ஜெயா_டீச்சர்_வேலூர்

கயலுக்கு ஒரு பயிற்சி. நவம்பர் 3 ஜப்பானில் பண்பாட்டு நாள், 'புன்கா நோ ஹி'. 1946இல் அந்தத் தேதியில் அவர்களுடைய அரசியல் சட்டம் வெளியிடப்பட்டது. அது ஞாயிற்றுக்கிழமையில் வருகிற ஆண்டு என்று வைத்துக்கொண்டு, 'நவம்பர் 3 பண்பாட்டு நாள், அரசு விடுமுறை. இந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை' என்று ஜப்பானியத்தில் சொல்லுங்கள். நம் எழுத்து எத்தனை விதமாக ஒலிக்கிறது என்றும் சொல்லுங்கள்.

கயல்_கோவை

டீச்சர், என் விடை: 'ஜூயிச்சிகட்சு மிக்கா வா புன்கா நோ ஹி தெ, ஷுகுஜிட்சு தெசு. கொதோஷி வா நிச்சியோபி தெசு.'

மிக்காவில் க, அப்புறம் ஹி, ஜிட்சு, நிச்சி, பி. ஐந்தும் வந்துவிட்டன! நோட்டில் ஹிரகானாவில்தான் எழுதியிருக்கிறேன், இங்கே மட்டும் தமிழில்.

இன்னும் ஒரு சந்தேகம். பதினொன்றுக்கு மேல் எல்லாமே எண்ணோடு நிச்சி என்றீர்கள். அப்படியானால் 14ஆம் தேதி 'ஜூயொன்னிச்சி'யா?

ஜெயா_டீச்சர்_வேலூர்

விடை முழுக்கச் சரி. அரசு விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் திங்கட்கிழமை ஈடு விடுமுறை கிடைக்கும். அதற்கு 'ஃபுரிகாயே க்யூஜிட்சு' என்று பெயர், அதையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

14க்கு அப்படி இல்லை அம்மா. நான்கில் முடியும் தேதிகள் யொக்காவை விடாது: 14 ஜூயொக்கா, 24 நிஜூயொக்கா. 20 ஹட்சுகா என்று முன்பே சொன்னேன். மற்றபடி பதினொன்று முதல் முப்பத்தொன்று வரை நிச்சிதான். 17க்கு ஜூஷிச்சிநிச்சி, 19க்கு ஜூகுநிச்சி என்று பழகுங்கள். 19இல் 'க்யூ' என்று நீட்ட வேண்டாம்.